ஹைதர் அலி கொடுத்த முந்நூறு ரூபாய்

1779ஆம் ஆண்டின் பிற்பகுதி. மைசூர் நாட்டிலிருந்து தஞ்சாவூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மானியப் பாதிரியாரின் பல்லக்கில் ஒரு பணப்பை வந்து சேர்ந்தது. உள்ளே 300 ரூபாய். வழிச்செலவுக்கென்று ஹைதர் அலி கொடுத்தனுப்பியது. பாதிரியார் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. சென்னைக்குப் போனதும் பையை அப்படியே கொண்டுபோய் கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். கம்பெனி வேலையாகப் போன இடத்தில் கிடைத்த பணம், ஆகவே அது கம்பெனிக்குத்தான் சேரும் என்பது அவர் கணக்கு. அங்கிருந்த அதிகாரிகளுக்கு இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தஞ்சாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலப் பள்ளி நடத்த அதையே முதல் நிதியாகப் போட்டார் அவர்.

அந்தப் பாதிரியார் கிறிஸ்டியன் பிரெட்ரிக் ஸ்வார்ட்ஸ். தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாயில் 'சுவார்ட்ஸ் ஐயர்'. 

300 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். அன்றைய சென்னைப்பட்டணத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்தால்தான் அதன் எடை புரியும்.

கம்பெனியில் 'ரைட்டர்' வேலைக்குச் சேரும் பையனுக்கு ஆண்டுச் சம்பளம் 5 பவுண்டு. இதை வைத்துக்கொண்டு யாரும் பிழைக்க முடியாது என்பது லண்டனில் இருந்த இயக்குநர்களுக்கும் தெரியும். சொந்த வியாபாரம், வட்டிக்குக் கொடுத்தல், உள்ளூர் அரசர்களிடமிருந்து அன்பளிப்பு இவற்றால்தான் எல்லோரும் சம்பாதித்தார்கள். லஞ்சம் என்ற சொல்லே அங்கே கிடையாது, எல்லாம் 'அன்பளிப்பு'தான்! அன்பளிப்பு வாங்கமாட்டோம் என்று ஊழியர்களிடம் எழுதி வாங்கும் வழக்கம் 1765ல் வந்தது. 1773ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் சட்டமே போட்டது. கையெழுத்துப் போட்ட கைகளே மறுநாள் நீண்டன.

பால் பென்ஃபீல்டு என்று ஒருவர். கம்பெனியில் சின்ன உத்தியோகம், சில நூறு பவுண்டு சம்பளம். ஆற்காடு நவாப் முகமது அலிக்குக் கடன் கொடுத்தே கோடீஸ்வரர் ஆனவர். நவாப் 1773ல் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்துக்கொண்டு மராட்டிய அரசர் துளஜாவைச் சிறைவைத்திருந்தார். 1776ல் ஆளுநர் பிகோட் பிரபு லண்டன் உத்தரவுப்படி துளஜாவுக்கே நாட்டைத் திருப்பிக் கொடுத்தார். உடனே பென்ஃபீல்டு வந்து நின்றார். தஞ்சாவூர் வருமானத்தின் பேரில் நவாப் எழுதிக் கொடுத்த பத்திரங்கள் தன்னிடம் உள்ளன, தனக்கு இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் வரவேண்டும் என்றார். பிகோட் அதை ஏற்கவில்லை. அவருடைய சபை உறுப்பினர்களில் பெரும்பாலோர் எதிர்த்தரப்புக்குப் போனார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆளுநரையே கைது செய்தார்கள்! அடுத்த ஆண்டு மே மாதம் காவலில் இருந்தபடியே இறந்தார் பிகோட். நவாப் பட்ட கடன் என்ற இந்தக் கூத்தைப் பற்றித்தான் எட்மண்ட் பர்க் 1785ல் பாராளுமன்றத்தில் தன் புகழ்பெற்ற பேச்சைப் பேசினார்.

கடன் பத்திரங்கள் லண்டனுக்கும் சென்னைக்கும் பறந்துகொண்டிருக்க, வட்டியெல்லாம் கடைசியில் காவேரிக் கரையில் நெல் விளைவித்தவன் தலையில்தான் விழுந்தது. இந்தத் தஞ்சாவூருக்குத்தான் 1778ல் ஸ்வார்ட்ஸ் குடிவந்தார்.

அவர் பிறந்தது 1726ல், பிராண்டன்பர்க் பகுதியில் உள்ள சோனன்பர்க் என்ற சிற்றூரில். ஹாலே நகரில் படித்தபோதே தமிழ் கற்கத் தொடங்கினார். 1750ல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார், சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்தார். பிறகு மராட்டி, பாரசீகம், இந்துஸ்தானி என்று சேர்த்துக்கொண்டே போனார். 1762 முதல் திருச்சிராப்பள்ளி. அங்கே அவருக்கு ஆண்டுக்குச் சுமார் 48 பவுண்டு வருமானம். கட்டில் போட்டால் ஆள் நிற்க இடமில்லாத ஒரு பழைய கட்டடத்து அறை, உள்ளூர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும், கறுப்புச் சாயம் ஏற்றிய பருத்தித் துணி. இவ்வளவுதான் வாழ்க்கை. பின்னால் கம்பெனிப் படைக்குப் போதகராக இருந்ததற்காக ஆண்டுக்கு 100 பவுண்டு வந்தபோது அதில் பாதியை மிஷனுக்கே கொடுத்தார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

பணத்தில் மட்டும் இப்படி இருந்தாரா என்றால் இல்லை. பாளையங்கோட்டையில் ஓர் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்த மராட்டியப் பிராமண விதவை ஒருவர் ஞானஸ்நானம் கேட்டார். கம்பெனி அதிகாரிகள் இப்படித் திருமணம் இல்லாமல் குடும்பம் நடத்துவது ஊரறிந்த வழக்கம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்வார்ட்ஸ் முடியாது என்றார். அதிகாரி இறந்த பிறகு, 1778ல்தான் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்தான் குளோரிந்தா. 1785ல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் பாளையங்கோட்டையில் இருக்கிறது. திருமணம் செய்துகொள்ளாத ஆண் கிறிஸ்தவனாகவே உலா வர, தண்டனை மட்டும் அந்தப் பெண்ணுக்கா என்ற கேள்வி இன்று படிப்பவருக்கு எழத்தான் செய்யும். நியாயமான கேள்வி.

சரி, மைசூர்ப் பயணத்துக்கு வருவோம். ஸ்வார்ட்ஸை அனுப்பியவர் சென்னை ஆளுநர் சர் தாமஸ் ரம்போல்டு. இவர் பிகோட்டுக்குப் பின் 1778ல் வந்தவர். வந்த இரண்டே ஆண்டுகளில் பெருந்தொகையை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டார். 1781ல் கம்பெனி அவரை நீக்கியது. பாராளுமன்றத்தில் நடந்த விசாரணை முடிவுக்கு வராமலே கைவிடப்பட்டது. இப்படிப்பட்ட ஆளுநர், ஹைதரிடம் சமாதானம் பேசப் பொருத்தமான ஆள் என்று ஒரு ஏழைப் பாதிரியாரைத் தேடிப் பிடித்தார். காரணம் எளிது. கம்பெனியில் யாரை அனுப்பினாலும் ஹைதர் நம்பமாட்டார். இந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், இவர் ஏமாற்றமாட்டார் என்று ஹைதரே சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

ஸ்வார்ட்ஸ் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார். போரைத் தடுக்கும் வேலை என்றார்கள், போகிற வழியில் பிரசங்கம் செய்யலாம், கம்பெனி இதுவரை தனக்குச் செய்த உதவிக்குக் கைம்மாறாகவும் இருக்கும் என்று நினைத்தார். ஜூலையில் புறப்பட்டு கஜலட்டிக் கணவாய் ஏறி ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். ஹைதர் அவரைத் தன் பக்கத்திலேயே கம்பளத்தில் உட்காரவைத்தார். காலணியைக் கழற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. ஹைதர் படையில் இருந்த ஜெர்மானியர்களுக்கு ஆராதனை நடத்தவும் தடை இல்லை.

அந்த அரண்மனையில் ஸ்வார்ட்ஸ் பார்த்து எழுதிவைத்த ஒன்று இந்தக் கதைக்கு மிகவும் பொருத்தமானது. ஹைதரின் ஆட்சி பயத்தால் நடந்தது. சவுக்கு ஏந்திய 200 பேர் எப்போதும் தயாராக நிற்பார்கள். வரிப்பணத்தில் கைவைத்தவன், குதிரைக்காரன், பெரிய மனிதன், சொந்த மகன் என்று வித்தியாசம் இல்லாமல் அடி விழும். அடி வாங்கிய அதிகாரியை வேலையை விட்டுத் துரத்துவதில்லை. முதுகுத் தழும்போடு அதே நாற்காலியில் போய் உட்காரவேண்டும், மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக. பணம் சேர்க்க அலைகிறவனுக்கு மானம் ஏது என்பது ஹைதரின் எண்ணம் போலும். சென்னையில் சட்டம் இருந்தது, சவுக்கு இல்லை. மைசூரில் சவுக்கு இருந்தது. திருட்டு இரண்டு இடத்திலும் நிற்கவில்லை.

சமாதானப் பேச்சு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. ஸ்வார்ட்ஸ் போவதற்குச் சில மாதம் முன்புதான் கம்பெனி மாஹேயைப் பிடித்திருந்தது. தன் பாதுகாப்பில் உள்ள ஊர் அது என்று ஹைதர் சொல்லியும் கேட்கவில்லை. ஒரு பக்கம் அடித்துக்கொண்டே மறுபக்கம் பாதிரியாரை அனுப்பிச் சமாதானம் பேசினார்கள். ஹைதரின் மனக்குறைகளை ஸ்வார்ட்ஸ் கொண்டுவந்து சொன்னார், கேட்பார் இல்லை. 1780 ஜூலையில் ஹைதரின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. ஊர்கள் எரிந்தன.

இந்த இடத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். ரம்போல்டுக்குத் தேவைப்பட்டது ஸ்வார்ட்ஸின் ஆலோசனை இல்லை, அவருடைய முகம். தன் கைகள் சுத்தம் என்று ஸ்வார்ட்ஸ் சொல்லிக்கொள்ளலாம், அது உண்மையும்கூட. ஆனால் அந்தச் சுத்தமான கையை எடுத்துத் தன் கையுறையாக மாட்டிக்கொண்டது கம்பெனி. ஹைதருக்கு இது புரிந்திருக்கிறது. அவர் பாதிரியார் மேல் கோபப்படவில்லை. போர் நடந்த காலத்திலும் ஸ்வார்ட்ஸைத் தடுக்காமல் போகவர விடும்படி தன் படைகளுக்கு உத்தரவு போட்டிருந்தார் என்பது ஆச்சரியமான செய்தி.

அந்தப் போரின்போதுதான் தஞ்சாவூர்க் கோட்டைச் சம்பவம் நடந்தது. ஸ்வார்ட்ஸின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய அத்தியாயம் இல்லை.

கோட்டைக்குள் சிப்பாய்களுக்கே தானியம் இல்லை. பசியில் மெலிந்து விழுந்தார்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் தெருவில் பிணங்கள் கிடந்தன. ஆனால் வெளியே கிராமங்களில் நெல் இருந்தது! கொண்டுவர மாடுதான் இல்லை. மாடு ஏன் இல்லை? குடியானவர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முன்பெல்லாம் அவர்கள் நெல்லை ஏற்றிக்கொண்டு கோட்டைக்கு வந்தபோது, கூலியையும் விலையையும் துபாஷிகள் நடுவில் புகுந்து பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டு தடவை ஏமாந்தவன் மூன்றாம் தடவை வருவானா? அரசர் துளஜா உத்தரவு போட்டார். பிறகு மன்றாடியே பார்த்தார். ஒரு வண்டிகூட வரவில்லை. பக்கத்தில் எதிரி, உள்ளே பட்டினி, நாட்டில் நெல். இத்தனைக்கும் நடுவே இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான், வாங்கினால் காசு கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை.

கடைசியில் துளஜா ஓர் ஆங்கிலேயப் பெரிய அதிகாரியிடம், உங்களையும் நம்பமாட்டார்கள், என்னையும் நம்பமாட்டார்கள், ஸ்வார்ட்ஸை நம்புகிறார்களா என்று பார்ப்போம் என்ற பொருளில் பேசியிருக்கிறார். ஓர் அரசன் தன் வாயாலேயே இப்படிச் சொல்வது சாதாரணமா? எழுதாத வெற்றுக் காகிதத்தைப் பாதிரியாருக்கு அனுப்பி, குடிகளோடு என்ன ஒப்பந்தம் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி அதிகாரம் கொடுத்தார்.

ஸ்வார்ட்ஸ் சுற்றுவட்டாரம் முழுக்கக் கடிதம் எழுதினார். ஒவ்வொருவருக்கும் என் கையாலேயே பணம் கொடுப்பேன், எதிரி உங்கள் மாட்டைப் பிடித்துப் போனால் அதற்கும் விலை கொடுப்பேன் என்பதுதான் வாக்குறுதி. துபாஷி கையால் இல்லை, என் கையால். ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. மிஷனைச் சேர்ந்த உபதேசியார் ஒருவரும் மற்ற தமிழ்க் கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து கிராமங்களுக்குப் போனார்கள். கொஞ்ச நாளுக்குள் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. கோட்டை பிழைத்தது. வெளியே போய்த் தானியம் திரட்டிய அந்தத் தமிழர்களின் பெயர்கள் ஸ்வார்ட்ஸின் பெயரைப்போல் பாடப்புத்தகங்களுக்குள் வரவில்லை.

எல்லாம் முடிந்ததும் ஸ்வார்ட்ஸ் சொன்னபடி பணம் கொடுத்து, மேலே சிறிது அன்பளிப்பும் சேர்த்து அனுப்பினார். இதில் ஒரு நெருடல் உண்டு. தன் கையில் இருந்தது போதாமல், மற்றவர்களுக்குச் சேரவேண்டிய பணத்தையும் எடுத்துத்தான் அவர் கொடுத்திருக்கிறார். இதை வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அவரே 1794ல் ஒரு கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். இந்தியாவில் மதம் மாறியவர்களெல்லாம் மோசக்காரர்கள் என்று அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் ஒருவர் பேசியதற்குப் பதிலாக எழுதிய நீண்ட கடிதம் அது. தன்னையும் தன் சபையாரையும் நல்லவர்கள் என்று நிரூபிக்கவேண்டிய இடத்தில், இந்த ஒரு வரியை அவர் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்தவர் பணத்தைத் தொட்டது சரியா தவறா என்று விவாதிக்கலாம், பெரும்பாலோர் அந்தச் சூழ்நிலையில் அதைச் சரியென்றே சொல்வார்கள். ஆனால் பென்ஃபீல்டுகள் கணக்கை மறைத்த ஊரில் இவர் தனக்குப் பாதகமான வரியையும் கணக்கில் சேர்த்தார்.

போர் ஆண்டுகளின் பஞ்சத்தில் தானிய வியாபாரத்தில் கொழுத்தவர்கள் பலர். ஸ்வார்ட்ஸ் விலை மலிவாக இருந்தபோதே நெல் வாங்கிச் சேர்த்திருந்தார். அதைப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கொடுத்தார். வரிக்கொடுமை தாங்காமல் தஞ்சாவூர்க் குடிகள் நிலத்தைவிட்டு ஓடிய சம்பவமும் பின்னால் நடந்தது. அரசர் திரும்ப வரும்படி கூப்பிட்டார், வரவில்லை. நியாயம் கிடைக்கும் என்று ஸ்வார்ட்ஸ் ஆள் அனுப்பிச் சொன்ன பிறகு ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். பருவம் தப்பிக்கொண்டிருந்தது. இரவும் பகலும் உழைத்து ஈடுகட்டுகிறோம் என்று சொல்லி வயலில் இறங்கினார்கள்.

இவ்வளவு செல்வாக்கு உள்ளவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டாரா? இல்லை. அவருடைய சபையில் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள், அவர் அதைப் பொறுத்துப் போனார். பிற்காலத்தில் அது பெரிய சண்டையாக வெடித்தது. 1787ல் துளஜா இறக்கும்போது தத்துப் பிள்ளை சரபோஜியை ஸ்வார்ட்ஸின் கையில் ஒப்படைக்கப் பார்த்தார். அந்தப் பொறுப்பு தனக்கு வேண்டாம் என்று சொல்லி, அரசரின் தம்பி அமர்சிங்கிடம் விடும்படி யோசனை சொன்னார் ஸ்வார்ட்ஸ். அதிகாரத்தைத் தேடாத மனிதர் சொல்லக்கூடிய பதில்தான். ஆனால் விளைவு? கம்பெனி பண்டிதர்களைக் கூட்டிக் கேட்டது. தத்து செல்லாது என்று அவர்கள் சொன்னார்கள். அமர்சிங் அரசரானார். சிறுவன் சரபோஜி படிப்புகூட இல்லாமல் அடைத்துவைக்கப்பட்டான். ஸ்வார்ட்ஸ் முதலில் அந்த முடிவை ஏற்றுக்கொண்டார். பண்டிதர்கள் நேர்மையாகத் தீர்ப்புச் சொல்லவில்லை என்று அவருக்குப் பின்னால்தான் பட்டது.

இங்கே அவருடைய சுத்தமே அவருக்குத் தடையாக இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அரண்மனை விவகாரத்தில் கைவைத்தால் கறை படியும் என்று விலகினார், விலகிய இடத்தை மற்றவர்கள் நிரப்பினார்கள். பிறகு விடவில்லை. பையனுக்குப் படிப்பு வேண்டும் என்று அமர்சிங்கோடு போராடினார். 1793ல் சரபோஜியைச் சென்னைக்குக் கொண்டுபோகத் துணை நின்றார். தத்து செல்லும் என்று கம்பெனிக்கு எழுதிக்கொண்டே இருந்தார். சரபோஜி அரியணை ஏறியது 1798 ஜூனில். ஸ்வார்ட்ஸ் அதே ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி இறந்துவிட்டார். தன்னிடம் இருந்ததை மிஷனுக்கு எழுதிவைத்திருந்தார்.

போரின்போது தெற்கே கம்பெனிப் படைக்குத் தலைமை வகித்த புல்லர்டன், இந்த ஒரு மனிதரின் நேர்மைதான் ஐரோப்பியர் எல்லோரும் அயோக்கியர்கள் என்ற பேச்சிலிருந்து அவர்களைக் காப்பாற்றியது என்ற கருத்தை எழுதிவைத்தார். பாராட்டாகத்தான் எழுதினார். ஆனால் படிக்கும்போது வேறு மாதிரியும் தோன்றுகிறது. ஒருவர் நேர்மையாக இருந்ததால் மீதிப்பேருக்கு நல்ல பெயர்! கம்பெனியும் அதை உணர்ந்திருக்கிறது. சென்னைக் கோட்டையில் உள்ள புனித மேரி ஆலயத்தில் தன் செலவிலேயே ஸ்வார்ட்ஸுக்குப் பளிங்கு நினைவுச்சின்னம் எழுப்பியது.

தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஆலயத்தில் இருப்பது சரபோஜி வைத்தது. லண்டனில் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லிச் செய்வித்தது. தன் ஆசிரியருக்காக சரபோஜி ஆங்கிலத்தில் ஒரு கவிதையும் எழுதினார். மரணப்படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையை அரசர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கட்டிலருகே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.